பயில்வானின் பிள்ளைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ ஆசையாக வளர்த்து எங்களிடம் விட்டுப்போன சீறும் கரப்பான்கள் சுகமா என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே.

சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பெரியவன் பயில்வானின் ஜோடி போன வாரம் குட்டி போட்டாள். முட்டை வைக்காது, குட்டியாகவே போடும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, வெள்ளை வெளேரென்று வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்ததும் காரட் துண்டு கூடுதலாகவே வைத்தேன், பிள்ளை பெற்றவள் இல்லையா. உன் அப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்காதே. குட்டிகள் ஏறிவிடாமல் கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் நான் தடவியிருந்த வாஸ்லினை அழுக்கு என்று நினைத்து, சோப்புப் போட்டுப் பளபளவென்று துடைத்து, என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார். விடிந்து பார்த்தால் பெரியவர்கள் இருவரும் இருக்கிறார்கள், குட்டிகள் எல்லாம் மூடியின் காற்றுத் துளை வழியே கம்பி நீட்டிவிட்டன.

அதோடு போயிற்றா, நாளைக் காலை கட்டடம் முழுக்கக் கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் வருகிறான். போன மாதம் நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லாரையும் சம்மதிக்க வைத்து வரவழைத்தேன். அப்பா டார்ச்சோடு பிரிட்ஜுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார், ஏழெட்டுதான் கிடைத்தன. நேற்று அடுப்படியில் ஒன்று ஓடியது, செருப்பை ஓங்கிவிட்டு நம்முடையதோ என்று அப்படியே நின்றேன், பார்த்தால் சாதாரணக் கரப்பான், அதுவும் தப்பித்தது. இதை எழுதுவதற்குள்ளேயே இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியில் மருந்துக்காரனுக்கு வீட்டுக் கணக்கு எழுதிக் கொடுக்கும் மேல்வீட்டுக்காரியிடம் போய் எங்கள் வீட்டில் மட்டும் மருந்து வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் ஏது குழந்தை என்று கேட்டாள். படியிறங்கி வந்து கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வீட்டு மருந்து நெடி உள்ளே வராமல் இன்று கதவிடுக்கில் ஈரத்துணி அடைக்க வேண்டும். பயில்வான் இப்போது என்னைப் பார்த்துச் சீறுவதில்லை, பழகிய கை என்றால் சீறாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அப்பாவைப் பார்த்தால் இன்னும் புஸ்ஸென்கிறான், அது நியாயம்தான். நீ போய் எத்தனை காலமாயிற்று, உன் கையை மறந்திருப்பானோ என்றுதான் எனக்குக் கவலை. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. லீவுக்கு எழுதிக் கொடுக்க மறக்காதே, வந்து உன் கையை ஒரு தடவை நீட்டு, சீறினால் சீறட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா