சூரியனுக்கும் உனக்கும் இனி டச்சிங் இல்லை

சூரியனையே எதிரில் நிறுத்திப் போட்டோ பிடித்த என் அண்ணன் சூசைக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. வருகிற ஞாயிறு கோவிலில் உனக்குப் பூசை. அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பிளேட், பென்சில், டர்பெண்டைன் என்று அடியிலிருந்து விளக்க வேண்டும். உனக்குப் பாதி சொன்னாலே போதும். ஆனாலும் முழுதாகச் சொல்கிறேன், உன்னோடு வாயாடி எத்தனை நாளாகிறது!

முதலில் வீட்டு நிலவரம். நம் ஸ்டூடியோ நடக்கிறது. காமிராவுக்குப் பின்னால் நிற்பவள் நான் என்று தெரிந்ததும் சில ஆண்கள் மாடிப்படியிலேயே திரும்பிவிடுகிறார்கள். போகட்டும். பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நீ எவ்வளவு கெஞ்சினாலும் சிரிக்காத மாமியார்கள் எல்லாம் என்னிடம் பல் தெரியச் சிரிக்கிறார்கள் அண்ணே. கீழ்க்கடைச் சீன முதலாளி தவுக்கே இன்னும் காலையில், பிளேட் கழுவும் தண்ணீருக்கு, மரத்தூளில் பொதிந்து உன் ஐஸ் கட்டியை அனுப்புகிறார். அண்ணி ஒருவேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். உன் மகள் ரோசிக்கு வாய் நீண்டுவிட்டது.

அந்த வாயால்தான் இந்தக் கடிதமே.

பூசைக்கு மாலை கட்ட அளவு பார்க்கலாம் என்று அம்மா சுவரிலிருந்து உன் படத்தை இறக்கினாள். ரோசியைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ஒரு முத்தம் குடு கண்ணு" என்றாள். ரோசி படத்தை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இது அப்பா இல்ல பாட்டி. இது வேற மாமா."

அம்மா சிரித்து மழுப்பினாள். அண்ணி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லை என்று தெரியும். அது நீ இல்லைதான். அந்த முகத்தைச் செய்தவள் நான்.

ஈப்போவில் பாதிப் பேரைப் படம் பிடித்த ஆளுக்கு, சொந்தப் படம் ஒன்றே ஒன்று. கேட்டால், "எம்மூஞ்சிக்கு பிளேட்டு தண்டம் லா" என்று நழுவிவிடுவாய். பெண் பார்க்கும் நேரத்தில் அம்மா விடவில்லை. நீயே காமிராவைச் சரிசெய்து வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய், படம் விழ ரப்பர் பந்தை நான் அமுக்கினேன். கண்ணாடி நெகட்டிவான அந்தப் பிளேட்டைக் கழுவிக் காயவைத்ததும் அம்மா என்னிடம் கொடுத்து, "அம்மை வடு ஒண்ணு தெரியக்கூடாது" என்றாள். கல்யாணப் பெண்களின் பருவையும் மருவையும் டச்சிங் செய்து நாள் முழுக்க மறைக்கிற கை இது. வடுவின் பள்ளம் நெகட்டிவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதைக் கூர் பென்சிலால் நிரப்பினால் படத்தில் கன்னம் பளிங்காகிவிடும். பள்ளத்தின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் கத்தியால் லேசாகச் சுரண்ட வேண்டும். அப்படிப் பளிங்கான உன் முகம் தஞ்சோங் மாலிமில் அண்ணி வீட்டுக்குப் போனது. கோவிலில் உன்னை நேரில் பார்த்த அண்ணி, "படத்துல இருந்தவரு வரல, அவரு அண்ணன் வந்திருக்காருன்னு நெனச்சேன்" என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே, நினைவிருக்கிறதா?

இப்போது சூரியன் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வழி காட்டியது அதுதான்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில், நாம் பிறந்த சுங்கை சிப்புட் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பினார். பங்களாச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தது. மற்றவர்கள் கட்டிலும் அலமாரியும் எடுத்து வர, நீ பித்தளைத் தொலைநோக்கி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். "இத வச்சிக்கிட்டு என்னாத்த பாக்கப் போற?" என்று அம்மா கேட்டாள். "சூரியனப் பாக்கப் போறேன்" என்றாய். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து பின்கட்டு மேல்தளம் உன் ராஜ்யம். அட்டையில் சிறு ஓட்டை போட்டுத் தொலைநோக்கியின் முன்வாயை மூடினாய், கொஞ்சம் வெளிச்சம் போதும் என்று. கண் வைக்கிற பக்கத்தில், லென்ஸ் கழற்றிய பழைய காமிராவைப் பொருத்தினாய். நடுவில் கீற்று வெட்டிய மெல்லிய பலகை ஒன்று மேலிருந்து தடதடவென்று விழும். கீற்று கடந்து போகிற அந்தக் கண நேரம்தான் சூரியனுக்கு உள்ளே அனுமதி. அப்படியும் முதல் பிளேட்டுகள் மொத்தமும் கரியாகத்தான் வந்தன. கீற்றைக் குறுக்கினாய். பலகை விழுகிற அதிர்வில் அடுத்தவை ஆடிப்போய் வந்தன. பலகையைத் தனிக் கம்பத்தில் கட்டினாய். எல்லாம் சரியாக வந்த நாளில் குழாய்த் தண்ணீரின் சூட்டில் மருந்துப் பசை இளகி, கண்ணாடியை விட்டு வழிந்து போனது. நீ இருட்டறைக்குள் உட்கார்ந்து திட்டிய திட்டு பசார்ச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகுதான் ஐஸ் தண்ணீரும், பசையை இறுக்கப் படிகாரமும் வந்தன.

கடைசியில் ஒரு பிளேட் தேறியது. வட்டமாக, விளிம்பு கூர்மையாக. பிரிண்ட் போடக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாய். நான் என்ன செய்தேன்? என் மேசைக்கு வருகிற பிளேட்டுக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். வட்டத்துக்குள் சில வெளிச்சப் புள்ளிகள், பொட்டுப் பொட்டாக. மருந்து பூசி, பென்சிலைச் சீவி, ஒன்று விடாமல் நிரப்பினேன். நல்ல வேளை, கத்திக்கு வேலை இருக்கவில்லை.

நீ வந்து பிளேட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாய். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தப் புள்ளிகளைப் பிடிக்கத்தான் நீ அத்தனை பாடுபட்டாய் என்று அப்போதுதான் தெரியும். சூரியன் மேலேயே புள்ளி உண்டு, அது நாளுக்கு நாள் நகர்கிறது, அந்த நகர்வை வரிசையாகப் பிடிக்க வேண்டும் என்றாய். நான் அழப் போனேன். நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். "என்னா மரி, சூரியனுக்கு என்ன பொண்ணா பாக்கப் போறோம்?" என்று கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

பிறகு பஞ்சில் டர்பெண்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்தாய். பென்சில் கரி பஞ்சோடு வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "இருக்கறத இருக்கற மாதிரி விட்டுடு. அதுக்குத்தான் இவ்ளோ பாடு" என்றாய். அப்போது உன் கன்னமும் என் கண் முன்னால்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் சொன்னாயா? கேட்கத் தோன்றவில்லை அண்ணே. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டக் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போய்க் காய்ச்சலோடு திரும்பி வருவாய், அந்தக் காய்ச்சல் உன்னை விடாது என்று யாருக்குத் தெரியும்?

ரோசி அப்படிச் சொன்ன மறுநாள் நான் பேச்சை எடுத்தேன். அண்ணன் பிளேட்டைத் துடைத்து வடுவோடு பிரிண்ட் போடலாம் என்றேன். அம்மா கொதித்துவிட்டாள்.

"தோட்டத்து லயத்துல அந்த அம்மை எம் பெரிய மவள கொண்டு போச்சு. இவன் மூஞ்சிய தின்னுச்சு. செத்த பொறவும் அத சொவத்துல மாட்டி நான் பாக்கணுமா?"

அம்மாவைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. பேச்சை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணிதான் அலமாரியைத் திறந்து பிளேட் பெட்டியை எடுத்து வந்தாள்.

"அத்த, படத்துல இருக்கறவரு கூட நான் குடும்பம் நடத்தலியே. இந்தப் புள்ளைக்கு அவங்க அப்பா மொகம் மறந்துகிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாளுல சுத்தமா மறந்துடும்."

அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருப்பது ஒரே பிளேட். ஈரக் காற்றில் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்துப் பசை தூக்கியிருந்தது. துடைக்கிற துடைப்பில் உன் முகமே உரிந்து வந்துவிட்டால்? இன்னொரு பயமும் இருந்தது. பென்சில் போட்ட இடம் திரும்பும், கத்தி பட்ட இடம் திரும்பாது. எங்கே பென்சில், எங்கே கத்தி என்று எனக்கே நினைவில்லை. உன் இடது கன்னத்துப் பெரிய வடு, ரோசி விரலை வைத்துக்கொண்டு தூங்குவாளே, அது வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் வேண்டாத பழைய பிளேட் ஒன்றில் கை பழகினேன். பிறகு உன்னைத் தொட்டேன். நெற்றியில் பாதி வந்தது. புருவத்தருகே இருந்தவை வரவே இல்லை, கத்தி தின்றுவிட்டிருந்தது. பஞ்சை மாற்றி, கன்னத்துக்கு வந்தேன். கரி வந்தது, வந்தது, இன்னும் வந்தது. எவ்வளவு பென்சில் போட்டிருக்கிறேன் பாவி! அடியில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது அண்ணே. நான் வாய்விட்டு அழுதேன்.

பிளேட்டைப் பிரிண்ட் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி, மேல்தளத்தில் வெயிலில் வைத்தேன். ரோசி பக்கத்தில் குந்திக்கொண்டாள். நிழலுக்குக் கொண்டுவந்து பின்பலகையைப் பாதி திறந்து பார்ப்பது, மூடிக் காத்திருப்பது. தாள் சிவந்து கறுத்து, முதலில் உன் கோட்டு வந்தது, பிறகு மீசை, பிறகு கன்னம்.

"அப்பா!"

நான் தடுப்பதற்குள் சட்டத்துக்குள் கையை விட்டு அந்த வடுவின் மேல் விரலை வைத்துவிட்டாள். மருந்தில் கழுவாத தாளை யார் தொட்டாலும் கத்துகிறவள் நான். அன்று கத்தவில்லை.

அம்மா எப்போது மேலே வந்தாள் என்று தெரியாது. குனிந்து அந்த விரலையும் கன்னத்தையும் பார்த்தாள்.

"புண்ண சொறியக்கூடாதுன்னு இவன் கைய ராப்பகலா புடிச்சிக்கிட்டே கெடந்தேன் மரி. ஒரு தரம் கண்ணசந்துட்டேன். அப்ப சொறிஞ்சதுதான் இது."

இத்தனை வருஷமாக அந்த வடுவை மறைக்கச் சொன்னது எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் காமிராவுக்கு முகம் காட்டாமல் இருந்தாயா? ரோசி பாட்டியின் கையை இழுத்து, "நீயும் தொடு பாட்டி" என்றாள். அம்மா தொட்டாள்.

அந்தப் பிரதியைத்தான் மருந்தில் கழுவிச் சட்டம் போட்டிருக்கிறோம். கன்னத்தில் ரோசியின் விரல் ரேகை மங்கலாகப் பதிந்திருக்கிறது. நான் அதையும் டச்சிங் செய்யவில்லை. மாலை அதை மறைக்காமல் இருக்க அம்மாவே சரடைத் தளர்த்திக் கட்டினாள்.

பூசை முடிந்ததும் உன் தொலைநோக்கியை மேல்தளத்தில் நிறுத்தப் போகிறேன். நீ விட்ட வரிசையை நான் தொடர்வேன். சூரியனில் எத்தனை புள்ளி இருந்தாலும் அத்தனையும் தாளில் இருக்கும். அதன் மேலும் உன் மேலும் இனி என் பென்சில் படாது. இது சத்தியம்.

உன் முகத்தை உனக்கே திருப்பித் தந்துவிட்ட,
உன் தங்கை மரி