கிணற்றை விலக்கிய இரண்டு வரிகள்

நாள் 211 | 06:10
வெப்பம் சீர். காற்று சீர். எழுதுபவன் ஆவுடையப்பன், வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனித்தளத்தில் கணினிப் பொறுப்பாளன். இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் வணக்கம்.

இங்கே நாங்கள் இருவர்தான். நான் தளத்தில். பெனினா பனிமேட்டுக்கு அப்பால், கிணற்றுக் குடிலில். துளைப்பொறியும் அணு உலையும் அவள் பொறுப்பு. எனக்கு வெப்பம் அவள் உலையிலிருந்து குழாய் வழியே வருகிறது. மேடு மறைப்பதால் ரேடியோ எட்டாது. பேச்சு, அளவீடு, எச்சரிக்கை எல்லாமே கேபிளில் கோப்புகளாக வந்து பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும். சேர்ந்தவைதான் திரையில் தெரியும்.

துளைப்பொறி தற்காலிகக் கோப்புகளைக் கொட்டித் தள்ளுகிறது. ஊர்க் குப்பையெல்லாம் என் வாசலில். களஞ்சியம் வீங்கி, பூமிக்கு எதையும் அனுப்ப முடியவில்லை.

நாள் 212 | 09:40
களஞ்சியத்தில் எவை சேர வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லும் விலக்குப் பட்டியலில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி: பெனினாவிடமிருந்து வருவதெல்லாம் விழும் ‘கிணறு’ கோப்புறை முழுவதும் வேண்டாம். இரண்டாம் வரி: அதற்குள் அவசர எச்சரிக்கைகளுக்கான ‘அபாயம்’ மட்டும் வேண்டும். கச்சிதம்.

பட்டியலின் பிரதி அவளுக்கும் போகும். விதி நடப்புக்கு வருமுன் பெனினாவிடமிருந்து வந்தது:
“அண்ணாச்சி, ஒரு டெஸ்ட் ஃபைல் அபாயத்துல போடுதேன். வருதான்னு பாத்துச் சொல்லுங்க.”

என் பதில்:
“நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ பள்ளிக்கூடமே போயிருக்க மாட்ட. போய்க் கிணத்தத் தோண்டு.”

சோதனை எதுவும் பார்க்கவில்லை. யாருக்கு யார் சோதனை வைப்பது?

நாள் 215 | 13:05
களஞ்சியம் மெலிந்துவிட்டது. பெனினாவின் பேச்சும் குப்பையோடு போயிற்று. அவசரமென்றால் அபாயத்தில் போடுவாள். அவள் வீட்டு மீன்குழம்புப் பெருமையைக் கேட்காமல் சாப்பிடுவது இத்தனை சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாள் 219 | 07:30
வெப்பம் குறைகிறது. அபாயக் கோப்பு ஏதும் இல்லை. ஆகவே உலையில் கோளாறு இல்லை. கோபித்துக்கொண்டு குழாயைத் திருகுகிறாள், அவ்வளவுதான். நான் இறங்கிப் போவேன் என்று பார்க்கிறாள். இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டேன். கிடக்கட்டும்.

நாள் 221 | 11:15
குழாய் முற்றிலும் குளிர்ந்துவிட்டது. பேட்டரியில் ஓடுகிறேன். பனிவண்டியின் பேட்டரி உறைந்து வெடித்துக் கிடக்கிறது. குடில் நடந்து போகும் தூரமில்லை.

விலக்கிய கோப்புறையைக் கையால் திறந்தேன். அபாயம் நிரம்பிக் கிடந்தது.

வெளி உறையை விலக்கினால் கணினி அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டாம் வரி இருந்தும் இல்லாததுதான். தெருக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளறையைத் திறந்து வைத்திருக்கிறேன். முதல் மாதப் பயிற்சியாளன்கூட இதைச் செய்யமாட்டான்.

அவள் அனுப்பியவை, வரிசைப்படி:

“அண்ணாச்சி, உலையில பாதி நின்னுபோச்சு. ஒரு இடத்துக்குத்தான் சூடு காணும். வண்டிய எடுத்துட்டு இங்க வந்துருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிடலாம்.”

“ஏன் பதில் போட மாட்டுக்கிய? கோவமா? ஒங்க குழாய இன்னும் மூடல. எனக்குக் கை மரத்துப்போச்சு.”

“மூணாவது தடவையா கேக்கேன். உயிரோட இருக்கியளா? அளவு மட்டும் வருது. அது மெசின் அனுப்புதது. மூணு அபாயத்துக்குப் பதில் இல்லன்னா தளத்துல ஆள் உயிரோட இல்லன்னு பதிஞ்சிரணும்னு விதி. மூடுதேன். என்ன மன்னிச்சிருங்க.”

கை மரத்துப்போன பின்பும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் இங்கே சுகம் கொண்டாடியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

11:40
இரண்டு வரிகளையும் அழித்தேன். அனுப்பினேன்: “பெனினா, உயிரோட இருக்கேன். குழாயத் திறந்துவிடு.”

நாள் 221 | 16:20
பதில் இல்லை. அவளிடமிருந்து விலக்குப் பட்டியலின் புதிய பிரதி மட்டும் வந்திருக்கிறது. நான் எழுதுவதற்கு முன்பே அவள் அனுப்பியது. கேபிள் குளிரில் தவழ்கிறது.

புதிய வரி: என்னிடமிருந்து போவதெல்லாம் விழும் ‘தளம்’ கோப்புறை முழுவதும் வேண்டாம். அருகே அவள் குறிப்பு: “செத்தவுக பேருல மெசின் எழுதிக்கிட்டே இருக்கு. பாக்கத் தாங்கல.”

அந்த வரியை நீக்கி அனுப்பினேன். கிணற்றுக் கணினியிடமிருந்து தவழ்ந்து வந்தது:
“திருத்தம் மறுக்கப்பட்டது. அனுப்பியவர் இறந்தவர்.”

நாள் 222
நேரம் தெரியவில்லை. திரை மங்குகிறது. கையுறையோடு தட்டுகிறேன்.

அவள் பட்டியலை முழுதாகப் படிக்காமல் விட்டிருக்கிறேன். கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதற்குள் ‘அபாயம்’ மட்டும் வேண்டும். குறிப்பு: “ஒருவேளை இருந்தா இதுல போடுவாக. அண்ணாச்சி எழுதின மாதிரியே எழுதிருக்கேன். அவுக எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

அபாயத்தில் போட்டேன். மறுபடி போட்டேன். அதே பூட்டிய தெருக்கதவு; போய்ச் சேராது, தெரியும். ஆனாலும் போட்

அபாயம் வருமா என்று அவள் தன் திரையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்