பாலம் விற்ற வரி

சங்கரன்கோவில்,
14-9-1953.

அன்புள்ள அத்தானுக்கு ஞானபூரணம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் வண்டிப்பெரியாற்றில் தன்னோடு இருப்பதாக முகம்மது மைதீன் அண்ணாச்சி போன வாரம்தான் எழுதினார். அவரைக் கோபிக்க வேண்டாம்.

விற்பனை வரி உத்தரவு வந்த மறுநாளே ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தோடு பஸ் ஏறிவிட்டீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் திருநெல்வேலி வக்கீல் கோமதிசங்கரிடம் போனேன். ஜில்லா போர்டுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தது எப்படி விற்பனையாகும் என்று கேட்டேன். "கல்லும் சிமெண்டும் போர்டுக்கு வித்ததா சட்டத்துல வச்சிருக்காங்கம்மா. டெண்டர்ல உங்க வீட்டுக்காரரு வரியச் சேர்க்காம விட்டுட்டாரு. இந்தச் சட்டம் செல்லுமான்னு மெட்ராஸ்ல கேஸ் நடக்கு. முப்பது நாளுக்குள்ள அப்பீல் போட்டா வசூல நிறுத்தக் கேக்கலாம். அவரு கையெழுத்து வேணும்" என்றார்.

உங்களை எங்கே தேடுவேன்? கோவில்பட்டி, தென்காசி எல்லாம் ஆள் விட்டேன். உத்தரவு வந்த இருபத்தெட்டாம் நாள் தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்து, கல் ஏற்றும் வண்டியையும் மாடுகளையும் ஜப்தி செய்தார்கள். செவலைக் காளை அவர்களோடு நகரவில்லை. நானே தெருமுனை வரை பிடித்துக்கொண்டு போய் விட்டேன். அடுத்தது வீடு என்றார்கள்.

அன்று உங்கள் பழைய பில்லைப் பக்கத்தில் வைத்து, சங்கரபாண்டி என்று உங்கள் கையெழுத்தைப் போலவே எழுதிப் பழகினேன். மறுநாள், நீங்கள் வந்து போட்டுவிட்டுப் போனதாக வக்கீலிடம் பொய் சொல்லி அப்பீலைக் கொடுத்தேன். பாவம், அவர் நம்பிவிட்டார்.

வீட்டு ஜப்தி நின்றிருக்கிறது. ஆனால் வருகிற 28ஆம் தேதி திங்கட்கிழமை, கல் வாங்கிய ரசீதுகளோடு நீங்களே அதிகாரி முன் வந்து வாக்குமூலம் தர வேண்டுமாம். வராவிட்டால் அப்பீல் தள்ளுபடி. கையெழுத்து யாருடையது என்றும் கேட்பார்கள். நான் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் அண்ணாச்சி பேருக்கு மணியார்டர் செய்திருக்கிறேன்.

அத்தான், நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், ஆற்றங்கரையில் போய் வெகுநேரம் நிற்கிறீர்கள் என்றும் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அங்கே போகாதீர்கள். வரி கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டை விற்றுக் கட்டுவோம். நான் செய்தது தப்புதான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். வீட்டுக்கு வந்து ஏசுங்கள்.

நம் கோவில் கோமதியம்மாள் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்கள்
ஞானபூரணம்