முட்டைப் பெட்டியின் வெப்பக் கோடு

மச்சான்,

இன்று காலை இழுப்பறையில் பேட்டரி தேடப் போய், உன் முட்டைப் பெட்டிக்குள் இருந்த சென்சாரைக் கண்டெடுத்தேன். நீளமான கறுப்பு வயர், நுனியில் சின்னதாக ஓர் உலோக முனை. மூக்கருகே கொண்டுபோனேன், கோழி வாடை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிரித்துவிட்டேன். நீ கண்ணை மூடிய பிறகு உன்னை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது இன்றைக்குத்தான்.

ஈப்போ சிலிபினில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அந்தப் பக்கம் உன் கோழிகள். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டு, நீங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, உன் அம்மா ஒரு பெட்டைக்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு லாரி ஏறினாராம். அந்த வம்சத்தில் கடைசியாக மிஞ்சியது உன் செவலைக் கோழி. அடைகாத்துக்கொண்டிருந்த அதையும் ஒரு நாள் மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. கூட்டில் முட்டைகள் மட்டும் கிடந்தன. நீ வேலிக்கு மேல் எட்டி, "மச்சான், உன் கம்ப்யூட்டரு அடைகாக்குமா?" என்று கேட்டாய். முகத்தில் விளையாட்டு இல்லை.

நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவன். மீனும் இறைச்சியும் கெடாமல் இருக்க, வெப்பநிலையைக் கணினியில் பதிந்து, கோடாக வரைந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. குளிரைக் காப்பவனுக்குச் சூட்டைக் காக்கத் தெரியாதா என்று எனக்கு ஒரு மிதப்பு. பசாரில் மீன் வந்து இறங்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவினோம். உள்ளே ஒரு பல்பு. சூடு ஏறினால் அதை அணைத்து, குறைந்தால் எரியவிடும் ஒரு சின்னக் கருவி. மூடியைத் திறக்காமலே முட்டைகளைப் புரட்ட, வெளியிலிருந்து இழுக்கும்படி நீ ஒரு தட்டு செய்தாய். சென்சார் வயரை ஓரமாக நுழைத்து என் பழைய மடிக்கணினியில் செருகினேன். நிமிடத்துக்கு ஒரு முறை அளவு பதிவாகும், திரையில் கோடு வளரும். முப்பத்தேழரை டிகிரியை ஒட்டியே அது போக வேண்டும், சூடு விட்டுப்போனால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும் என்றேன். அன்றைக்கு நீ சரியாகச் சாப்பிடவே இல்லை என்று அக்கா சொன்னார். உன் மனைவியை நான் அக்கா என்றுதானே கூப்பிடுவேன்.

கோடு நன்றாகத்தான் போனது. ஆனால் சாயங்காலமானால் ஒரு பள்ளம் விழுந்தது. முதலில் உன் வயரிங்கைத் திட்டினேன். பிறகு பல்பை மாற்றினேன். அதற்கும் அடங்கவில்லை என்றதும் சென்சாரே கோளாறு என்று கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். யாராவது மூடியைத் திறந்தீர்களா என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன். இல்லவே இல்லை, உன் கோடுதான் கோணல் என்று கண் சிமிட்டாமல் சொன்னாய்.

கோணல் என் கணக்கில்தான் இருந்தது. கிடங்கில் செய்கிற பழக்கத்தில், அளவுகளைச் சராசரியாக்கிக் கோடு வரைந்திருந்தேன். அதில் எல்லாப் பள்ளமும் மழுங்கிப்போய்க் கிண்ணம் மாதிரி தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சராசரியை எடுத்துவிட்டு, பதிந்ததைப் பதிந்தபடியே வரையவிட்டேன். சடாரென்று ஒரு வீழ்ச்சி, பிறகு மெல்ல மெல்ல ஏற்றம். பல்பு கெட்டால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். இப்படி விழுந்தால் யாரோ மூடியைத் திறக்கிறார்கள், அதுவும் சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில்.

அன்று சாயங்காலம் வேலியோரம் நின்று பார்த்தேன். சாமி கும்பிட்டுவிட்டுச் சாம்பிராணித் தூபத்தோடு வந்தாய். கூடத்துக்குக் காட்டினாய், அடுப்படிக்குக் காட்டினாய், மோட்டார் சைக்கிளுக்குக் காட்டினாய். பிறகு பின்கட்டில் இருந்த பெட்டியின் மூடியைத் தூக்கி, பக்தியோடு புகையைச் சுற்றினாய். நான் கத்திய கத்தலுக்கு உன் கோழிக்கூடு காலியாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நீயோ அசரவில்லை.

"மூடியத் தொறந்தியான்னுதான கேட்ட, சாம்பிராணி காட்டுனியான்னு கேட்டியா? வீட்டுல எல்லாத்துக்கும் காட்டுறேன் மச்சான். அதுங்களுக்கு மட்டும் காட்டாம எப்படிலா விடுறது?"

இப்படியே போனால் ஒன்றுகூட மிஞ்சாது என்று சொன்னதும்தான் உன் முகம் விழுந்தது. மறுநாளிலிருந்து மூடிக்கு வெளியே காட்டினாய். கோடு நேராகிவிட்டது.

பொரிக்க வேண்டிய நாள் நெருங்கியபோது, ஒரு மத்தியானம் கிடங்குக்குப் போன் செய்தாய். "பல்பு அணைஞ்சே கெடக்கு மச்சான். எல்லாம் போச்சு" என்றாய். நீ அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஓடி வந்து திரையைப் பார்த்தேன். பல்பு எரியவில்லை, ஆனால் கோடு இறங்கவும் இல்லை. முட்டைக்குள் இருந்தவை வளர்ந்து, தாங்களே சூடு கொடுக்கத் தொடங்கியிருந்தன. பல்புக்கு வேலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். உயிரோடு இருக்கின்றன என்றேன். நீ என் மடிக்கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பாதிக்கு மேல் பொரிந்தன. ஏதோ உனக்கே பிள்ளை பிறந்ததுபோல் ஈப்போ முழுக்கப் போன் போட்டுச் சொன்னாய்.

இன்று மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். பழைய கோட்டைக் காட்டி, இந்தப் பள்ளமெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் செய்த வேலை என்றேன். சிரித்துக்கொண்டே பார்த்தவர், முதல் நாள் பள்ளத்தில் விரலை வைத்து, இது மட்டும் ஏன் இத்தனை அகலம் என்றார். பெட்டி சூடாகி நிலைப்படும்வரை அப்படித்தான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்ல தம்பி, அன்னிக்குப் புகை அடங்குன பொறகும் மூடியப் புடிச்சிக்கிட்டே நின்னாரு. ஆத்தா இல்லன்னு பயப்படாதீங்க, வெளிய நாங்க ரெண்டு பேரு இருக்கோம்னு அதுங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நீங்களும் அவருமா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் கோழின்னாலே ஆகாதே. உன்னையத்தான் சொன்னாரு."

அந்த நேரத்தில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் வயரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். செவலையின் பேரக்குஞ்சுகள் இப்போது என் பக்கத்தில்தான் மேய்கின்றன. பாம்பு நுழையாதபடி கூட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறேன். வெளியே ஒருவன் இன்னும் இருக்கிறேன், மச்சான்.