ஒயர் இல்லாத ஏசி பாயிண்ட்

மேடம்,

நேற்று எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டு ஏசி பாயிண்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு, "அக்கா, டப்பா காலியா கீது. ஒயரே இல்ல," என்றார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நீங்கள் இறந்து ஒரு வருஷம் ஆன பிறகும் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். அழுகை அப்புறம் வந்தது.

திருவிடந்தையில் இந்த வீட்டுக்கு நீங்கள் பிளான் வரைந்தபோது, "ஏசி பாயிண்ட் இல்லாம இன்னா வூடு மேடம்?" என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். "வச்சிடலாம். ஒரு கோடை போவட்டும், அப்புறம் மெஷின் வாங்குங்க," என்றீர்கள். கிழக்கு ஜன்னலில் நுழைந்த கடல்காற்று, கூரைக்குக் கீழே நீங்கள் விட்ட துவாரங்கள் வழியே வெளியேறியது. எத்தனையோ கோடை போயிற்று, மெஷின் நினைப்பே வரவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எத்தனை பேருக்கு இப்படி வீடு கட்டித் தந்தீர்கள். கண்ணாடிச் சுவர் கேட்டு வந்த பெரிய மனிதர்களை வாசலோடு அனுப்பினீர்கள். நீங்கள் மட்டும் மொட்டை மாடிக்குக் கீழே ஒரு வாடகை போர்ஷனில், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரைந்துகொண்டிருந்தீர்கள். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டால், "வாடகை வூட்டு சுவத்த இடிக்க முடியுமா?" என்பீர்கள். நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இந்த வருஷம் கிழக்கே ஒரு ஹோட்டல் எழும்பி, காற்று நின்றுபோனது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அதனால்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம்.

"ஒயர் இழுக்கட்டா?" என்று அவர் கேட்டபோது தெற்குச் சுவர் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு ஜன்னல் வேண்டும் என்றீர்கள். அந்தப் பக்கம் என் ஓரகத்தி வீடு, பேச்சுவார்த்தை கிடையாது. "அவ மூஞ்சில முழிக்கவா ஜன்னலு?" என்றேன். நீங்கள் வாதாடவில்லை. "மேல தாங்கறதுக்கு லிண்டல் மட்டும் போட்டு வைக்கிறேன். சண்ட தீந்தா கீழ இருக்கற செங்கல்ல எடுத்துடுங்க, சுவரு நிக்கும்," என்றீர்கள். வீடு கட்ட வந்தவருக்கு எங்கள் சண்டை எதற்கு என்று முணுமுணுத்தேன்.

ஒயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்று காலை கொத்தனாரை வரவழைத்தேன். லிண்டல் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. செங்கல் பெயரப் பெயரக் காற்று வந்தது. பின்னாலேயே ஓரகத்தியும் வந்து நின்றாள்.

"இன்னாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் குரல் இறங்கிப்போனது. "மாமா இப்டி எளச்சிட்டாரே."

ஜன்னலுக்குக் கம்பி வைக்க ஆள் நாளைக்குத்தான் வருவான். அதற்குள் அந்த வழியாக ஒரு செம்பு மோர் வந்துவிட்டது.

ஏசி பாயிண்டின் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டோம் மேடம். மெஷின் எப்போது என்று கேட்டவர்களிடம், "ஒரு கோடை போகட்டும்," என்று சொல்லியிருக்கிறேன்.