அக்கரைக்குப் போகும் பாய்

இன்று காலை விளைமீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி, கத்தியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். போய்க் குந்திப் பார்த்தேன். வெளியே ஒரு கீறலும் இல்லை, செதில் பளபளவென்று இருந்தது. உள்ளே முள்ளந்தண்டு இரண்டாக முறிந்து, அதைச் சுற்றி இரத்தம் கறுத்து உறைந்துபோய்க் கிடந்தது. வலையில் பட்ட மீனுக்கும் தூண்டிலில் பட்ட மீனுக்கும் இப்படி முள் முறியாது. வெடி போட்டுப் பிடித்த மீன். விடியற்காலையில் அதைக் கொண்டுவந்து தந்தவன் என் மூத்த மகன்.

உடனே உம்மைத்தான் நினைத்தேன். போன மாரியில் காய்ச்சலில் நீர் போய்விட்டீர் என்று பாம்பனிலிருந்து செய்தி வந்தபோதுகூட இவ்வளவு நினைக்கவில்லை. அன்றைக்கு அழுதேன், உமது ஆன்மாவுக்காகப் பூசைக்குக் கொடுத்தேன், பிறகு வலை இருந்தது, கடல் இருந்தது. இன்றைக்கோ நீர் என் பக்கத்தில் குந்தியிருந்து அந்த மீனைப் பார்ப்பது போல இருந்தது. மீனைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்திருப்பீர்.

நாம் முதன்முதலில் கண்டது ஒரு சண்டையில். உமது பாம்பன் கரைக்கும் எங்கள் குருநகர்க் கரைக்கும் நடுவில், கடலுக்கடியில் கல்லும் பாசியுமாகக் கிடக்கிற அந்தத் திட்டை நாங்கள் பார் என்போம், நீங்களும் பார் என்றுதான் சொல்வீர்கள். மீன் சினை விடுவது அங்கே. அந்த வருசம் பாரின் மேல் செத்த மீன் மிதந்தது. யாரோ கல்லுடைக்கிற வெடியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாங்கள் உங்களைச் சொன்னோம், நீங்கள் எங்களைச் சொன்னீர்கள். வள்ளத்தோடு வள்ளம் முட்டி, துடுப்பு ஓங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. ஓங்கியவர்களில் நானும் ஒருவன். நீர் மட்டும் உமது வள்ளத்தின் முன் அணியத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்.

"அடிக்கிறது அப்புறம் அடிங்கய்யா. மொதல்ல கீழ எட்டிப் பாருங்க. குஞ்செல்லாம் செத்துக் கெடக்கு. அடுத்த வருசம் இங்க வந்து சண்டை போடுறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது."

எட்டிப் பார்த்தேன். விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கல்லெல்லாம் பரவிக் கிடந்தன. துடுப்பைக் கீழே வைத்தேன்.

அந்த வருசம் நடுத்தீவில் அந்தோனியார் பெருநாளுக்கு இரண்டு கரையும் கூடியபோது, கோயில் பின்பக்கத்து மணலில் நாம் பேசினோம். எங்கள் ஆட்கள் அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதுவோம் என்றார்கள். நீர் சிரித்தீர். "தொர வருவாரு, நம்ம ரெண்டு பேரையும் பாருல இருந்து வெரட்டிட்டுத்தான் மறு வேலை பாப்பாரு." பிறகு நீர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை: "உங்க ஆள நாங்க அடிச்சா அது சண்டை. உங்க ஆள நீங்களே கேட்டா அது ஞாயம்."

அப்படித்தான் அந்தக் கட்டுப்பாடு பிறந்தது. மீன் சினைப்படும் மாதங்களில் பாரில் இரு கரையும் வலை போடக்கூடாது. வெடி எந்த மாதமும் கூடாது. மீறினவனை அவனுடைய கரையே பிடித்து, அவன் வள்ளத்துப் பாயைக் கழற்றி எதிர்க்கரையில் ஒரு பருவத்துக்கு ஒப்படைக்க வேண்டும். நான் குறுக்கே விழுந்தேன்.

"பாயைக் குடுத்திட்டு அவன்ரை பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?"

"நம்ம வலையில அவனுக்கு ஒரு பங்கு. பட்டினி போடுறதுக்கா பாயக் கழட்டுறோம்?" என்றீர்.

அந்தோனியார் முன்னால் இரு கரையாரும் கையடித்துக் கொடுத்தோம். சொல்வது சுலபம். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று திரும்பி வரும்போது எங்கள் வள்ளத்திலேயே சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு மத்தியானம் நீர் தனி ஆளாகக் குருநகர்க் கரையில் வந்து இறங்கினீர். தோளில் சுருட்டிய பாய். கண் சிவந்திருந்தது. "என் தம்பி வள்ளத்துப் பாய்," என்று என் முன்னால் மணலில் வைத்தீர். பாரில் வெடி போட்டவன் உமது கூடப்பிறந்த தம்பி. நீர் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கரையில் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திராது. கரையில் நின்ற எங்கள் ஆட்கள் யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ். ஒரு வாய் குடித்துவிட்டு, "சோறுமில்ல, கஞ்சியுமில்ல, கடலையே அள்ளிக் காய்ச்சி வச்சிருக்கீங்களே," என்றீர். அப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று ஓலைப் பிளா குடித்தீர். அதற்குப் பிறகு நீர் எப்போது வந்தாலும் முதலில் கேட்பது கூழைத்தான். கூழுக்காகவே காற்றுப் பார்க்கிற மனுசன் என்று என் மனைவி உம்மைப் பகிடி பண்ணுவாள்.

உமது தம்பியின் பாயை எங்கள் வீட்டுக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டு, எலி அண்டாமல் பார்த்தேன். பருவம் முடிந்து அவன் அதை எடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தான். ஒரு ஓட்டையும் இல்லை. திரும்பி நின்று, "நல்லா வச்சிருந்தீங்க," என்றான். அதன்பின் எத்தனையோ வருசம் அந்தப் பாரில் இரு கரை வலையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எங்கள் பிள்ளைகள் உங்கள் வள்ளத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

இப்போது உலகமெல்லாம் சண்டை. பட்டாளத்து வெடிமருந்து கருவாட்டுக்குப் பண்டமாற்றாகக் கிடைக்கிற சாமானாகிவிட்டது. மகனைக் கூப்பிட்டு, முறிந்த முள்ளைக் காட்டினேன். மறைக்கவில்லை அவன்.

"ஒருக்காத்தான் அப்பு. இப்ப எல்லாரும் போடுறாங்கள்."

"ஆர் எல்லாரும்? பேரைச் சொல்லு."

பேரை விட்டுவிட்டு, "அந்த மனுசனும் செத்துப்போச்சு. அக்கரையிலை ஆருக்கு உது தெரியப்போகுது?" என்றான்.

"அந்தாள் செத்தது உண்மை. பார் இன்னும் சாகேல்லை. அதைச் சாக்கொல்ல நீ ஆர்?"

மனைவி நடுவில் வந்தாள். "கைப்பிள்ளைக்காரியை வைச்சுக்கொண்டு அவன் என்ன செய்வான்? உங்கடை மகனெண்டு பாருங்கோவன்."

"என்ரை மகனெண்டபடியால்தான்," என்றேன். மருமகளுக்கும் பிள்ளைக்கும் என் வலையில் முதற்பங்கு. அதை மனைவி முன்னாலேயே சொல்லிவிட்டேன். மிச்ச மீனைக் குழி வெட்டித் தாட்டோம்.

சொல்லுவது போல மகன் வள்ளத்துப் பாயைக் கழற்றுவது இலகுவாக இருக்கவில்லை, கேட்டீரா? அவன் முதன்முதலாகத் தன் கையால் கட்டின வள்ளம் அது. பாய்மரக் கொம்பிலிருந்து பாயை இறக்க, முடிச்சு அவிழ்க்கவே வெகுநேரம் எடுத்தேன். தம்பியின் பாயை இறக்கியபோது உமக்கும் இப்படித்தான் இருந்ததா? நீர் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாளைக்கு அக்கரைக்குப் போகும்போது கடலில் கப்பற்படைக்காரர் மறித்தால் உள்ளதைச் சொல்வேன். நம்பினால் நம்பட்டும். அக்கரையில் பாயை உமது தம்பியிடம்தான் ஒப்படைப்பேன். வெடி போட்டவன் யார் என்று கேட்டால், என் பிள்ளை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். நீர் விட்டுப்போன சொல்லில் பாதி என்னுடையது. என் பாதியை நான் கீழே போடப்போவதில்லை.

பின்னேரம் பாயை மணலில் விரித்தேன். பெரிய பாய், ஒருவரால் சுருட்ட முடியாது. ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன், யாரையும் கூப்பிடவில்லை. காலைப் பேச்சுக்குப் பிறகு என்னோடு கதையாத மகன் முகத்தை ஏழு முழத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தான். மற்றத் தலைப்பைப் பிடித்தான். சுருக்கம் விழாமல், இருவருமாகச் சுருட்டி முடித்தோம். அக்கரைக்குத் தள்ளும் வாடைக் காற்று இன்னும் நிற்கிறது. விடிய வெளிக்கிடுகிறேன்.