ஈயம் பூசிய ஆகாயம்

1976 ஜன. 20, செவ்வாய்

மூடுபனி. குளிர். முதலில் வெட்கக்கேடு: பீர்மேட்டு வளைவுகளில் ஜீப்பிலேயே வாந்தி, அழைத்துப் போக வந்த ஹெட்மாஸ்டர் செல்லையாவின் வேட்டிமேல். எஸ்டேட் பள்ளிக்கு வானம் காட்ட வந்த மேதையின் வருகை இப்படி. "பரவால்ல சாரே, எல்லாருக்கும் வாரதுதான்" என்றார், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

சாமான் சேதமில்லை: கூடாரம் (வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை), மூங்கில், கார் பாட்டரி, பல்பு, உருண்டை. உருண்டை என்றால் வாயோடு வாய் பொருத்திய இரண்டு பித்தளைச் சட்டிகள். உள்ளே பல்பு எரிந்தால், நான் குத்திய ஓட்டை வழியே கூடாரமெங்கும் நட்சத்திரம்.

வெள்ளியன்று கல்வி அதிகாரி வருகிறார். பிடித்தால் திட்டம் நடக்கும். இல்லையேல் எனக்குச் சித்தூர் ஆபீஸ், பழைய மேஜை, எதிரே நாள் முழுக்க மூக்குறிஞ்சும் குமாஸ்தா.

ஜன. 22, வியாழன்

நேற்று ஐந்தாம் வகுப்புக்குக் காட்டினேன். கார்த்திகைக் கூட்டம் வந்ததும் ஒரு பெண், "ஏட்டி, நம்ம லைன் வீடு மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கு பாரு!" சிரிப்பு அடங்கவே இல்லை.

இன்று செத்தேன். ஹெட்மாஸ்டர் மனைவி பொன்னம்மா, முகமெல்லாம் பெருமையாக:

"உங்க சட்டி ரெண்டும் சல்லடையால்லா கெடந்துச்சு சாரே! ஈயம் பூசுதவரு வந்தாரு, நம்ம பாத்திரத்தோட சேத்துக் குடுத்துட்டேன். பாவம், நீங்க தனியாப் பொங்கித் திங்குத மனுசன்."

தண்ணீர் ஊற்றியும் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ரொம்பச் சந்தோசமுங்க அம்மிணி." வேறென்ன சொல்ல? கக்கூஸ் பின்னால் போய் அழுதேன். நரைத்த மீசையோடு. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குத்திய ஆகாயம்.

ஜன. 23, வெள்ளி

விடியலில் ஆணியும் சுத்தியுமாக மறுபடி குத்தினேன். ஒரு சட்டி பிளந்தது. மற்றதில் வானம் இல்லை, அம்மைத் தழும்பு.

அதிகாரி வந்தார். பல்பைப் போடவில்லை; கூடாரத்தில் கும்மிருட்டு. வாயாலேயே நட்சத்திரம் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "கரண்டு போச்சா சாரே?"

அதிகாரி வெளியே வந்து, "நல்ல இருட்டுங்காணும். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்ட ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. கூடாரத்தை அங்கே கொடுத்திடும்."

முடிந்தது. திங்களன்று மூக்குறிஞ்சல்.

சாயங்காலம் பனி விலகியது. இருட்டியதும் ஆறுதல் சொல்லச் செல்லையா என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனார். "அந்தா பாருங்க உங்க கார்த்திகை! சட்டி போனாப் போகுது, ஒரிஜினல் அங்கனதான இருக்கு?"

"ஆமாங்க, ஜோரா இருக்குதுங்க" என்றேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே மாலைக்கண்.